செயலி வழுநீக்கிச் சோதனைகள்: ஒப்புருவாக்கியிலும் பலகையிலும்

செயலி வழுநீக்கிச் சோதனை என்பது, ஒரு செயலியின் உள்ளே நடப்பதைப் பார்க்கவும் நிறுத்தவும் மாற்றவும் உதவும் வழுநீக்கி நம்பத்தகுந்ததா என்று கண்டறியும் சோதனையாகும். வழுநீக்கியைக் கணினித் துறையினர் பேச்சுவழக்கில் டீபக்கர் என்பர். நிரலில் உள்ள பிழையைத் தேட உதவுவது வழுநீக்கி. அந்த வழுநீக்கியிலேயே பிழை உள்ளதா என்று தேடுவது இந்தச் சோதனை. நோயாளியின் காய்ச்சலை அளக்குமுன் வெப்பமானி சரியாக உள்ளதா என்று பார்ப்பதைப் போன்றது இது. வெப்பமானி பொய் சொன்னால், அதை நம்பிக் கொடுக்கும் மருந்தும் தவறிப்போகும்.

இச்சோதனைகள் இரண்டு வகை இடங்களில் நடத்தப்படுகின்றன. ஒன்று, சாதாரணக் கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் செயலி. இதற்கு ஒப்புருவாக்கி அல்லது சிமுலேட்டர் என்று பெயர். மற்றொன்று, மின்சாரம் ஓடும் உண்மையான பலகை. ஒரே சோதனை ஒன்றில் தேறுவதும் மற்றதில் தோற்பதும் அன்றாடம் நடப்பதே. அந்த வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளையும், அவை பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பொறித்த பின் திருத்த முடியாது

ரிஸ்க்-ஃபைவ், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கப்பட்டது. உரிமக் கட்டணம் எதுவும் செலுத்தாமல் யார் வேண்டுமானாலும் அதற்கேற்பச் செயலி வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ரைஸ் ஆய்வகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி திட்டம் இதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 2018இல் ரைஸ்கிரீக் என்ற சக்தி சில்லு அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டது. அதில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் ரிமோ என்ற சில்லு சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் வந்தது. 2020இல் மௌஷிக் வந்தது. 2025 பிப்ரவரியில், விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் சில்லு இயக்கிக் காட்டப்பட்டது.

ஐரிஸ் வந்த வழியைக் கவனித்தால் வழுநீக்கியின் அருமை விளங்கும். வடிவமைப்பு சென்னையில், சில்லு சண்டிகரில், உறையிடுதல் கர்நாடகத்தில், பலகை அச்சிடுதல் குஜராத்தில், பாகங்களைக் கோத்தல் மீண்டும் சென்னையில். இத்தனை கைகள் மாறி வந்த பலகை மேசைமேல் வைக்கப்பட்டு, மின்சாரம் கொடுத்ததும் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். குறை எந்தக் கையில் நேர்ந்தது? திரை இல்லை, விசைப்பலகை இல்லை. உள்ளே பார்க்க இருக்கும் ஒரே சன்னல் வழுநீக்கி. அந்தச் சன்னல் கண்ணாடியே கோணலாக இருந்தால், நல்ல சில்லைக் குப்பையில் போடுவதும் கெட்ட சில்லை நம்பி ஏற்றுவதும் இரண்டுமே நடக்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. செம்பில் வெட்டிய எழுத்தை அழித்து எழுத முடியாது. சில்லும் அப்படித்தான். மென்பொருளில் தவறு கண்டால் மறுநாள் திருத்தப் பதிப்பு அனுப்பலாம். சில்லில் கண்டால் புதிதாக வார்க்க வேண்டும். 1994இல் பென்டியம் செயலியின் வகுத்தல் பகுதியில் ஒரு பிழையைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ய இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஆகவேதான் சில்லு வார்க்கப்படுமுன், செயலியோடு அதன் வழுநீக்கிப் பகுதியையும் ஒப்புருவாக்கியில் போட்டுப் புரட்டி எடுக்கிறார்கள்.

நான்கு கை மாறும் செய்தி

ஒரு பதிவகத்தின் மதிப்பைக் காட்டு என்று மாணவர் தட்டச்சு செய்கிறார். அடுத்த நொடி ஓர் எண் திரையில் தோன்றுகிறது. இடையில் நடப்பது என்ன என்பது தெரியாவிட்டால், சோதனை தோற்கும்போது எங்கே தேடுவது என்றும் தெரியாது.

முதல் கை ஜிடிபி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய வழுநீக்கி இது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மூல நிரலின் எந்த வரி நினைவகத்தின் எந்த முகவரியில் உள்ளது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் மின்கம்பியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தன் கேள்வியைச் சிறு பொட்டலமாகக் கட்டி, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து, அடுத்த கைக்கு அனுப்பிவிடும்.

இரண்டாம் கை ஓப்பன்ஓசிடி. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் தம் பட்டப்படிப்பின் ஆய்வேடாக 2005இல் தொடங்கிய மென்பொருள் அது. ஒரு மாணவரின் ஆய்வேடு இன்று உலகெங்கும் உள்ள பலகைகளோடு பேசுகிறது என்பதை இவ்விடத்தில் குறிப்பிடலாம். வழக்கமாக 3333ஆம் எண் வாயிலில் காத்திருந்து, ஜிடிபியின் கேள்வியை வாங்கி, கம்பிகளின் மொழியில் பெயர்ப்பது அதன் வேலை.

மூன்றாம் கை ஜேடேக் எனப்படும் கம்பித் தொகுதி. 1990இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரமாக இது வெளியிடப்பட்டது. அடிப்படையில் நான்கே கம்பிகள்: கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, நிலையை மாற்ற ஒன்று, தரவு உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. சில்லுக்குள் 16 நிலைகள் கொண்ட ஒரு சிறு பொறி இருக்கும். நிலைமாற்றக் கம்பியை உயர்த்திப் பிடித்து ஐந்து துடிப்பு கொடுத்தால், எந்த நிலையில் இருந்தாலும் அது தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்.

நான்காம் கை செயலிக்குள் அமைந்த வழுநீக்கிப் பகுதி. ரிஸ்க்-ஃபைவில் இதற்கெனத் தனி வரையறை உண்டு, அதன் 0.13ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டது. செயலியை நிறுத்து, ஓடவிடு, ஒரே ஒரு கட்டளையை மட்டும் நிறைவேற்று, பதிவகத்தைப் படி, நினைவகத்தில் எழுது முதலிய வேலைகளைச் செய்வது இப்பகுதி. இங்கே ஒரு நுட்பத்தை நினைவில் வைக்க வேண்டும். ஜேடேக் வழியாக ஒரு கேள்வியை உள்ளே தள்ளும்போது, அதற்கான விடை அப்போதே வராது; அடுத்த முறை தள்ளும்போதுதான் வெளியே வரும். தபாலில் கடிதம் போட்டு, பதிலை மறுதபாலில் வாங்குவதைப் போல. விடை இன்னும் தயாராகவில்லை என்றால், வேலை முடியவில்லை என்ற குறியை அது கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியை மீறும் வடிவமைப்பால் வரும் தொல்லையைப் பின்னால் காணலாம்.

எந்த ஒப்புருவாக்கி?

ஒப்புருவாக்கி என்ற ஒரே பெயரில் மாறுபட்ட பொருள்கள் உள்ளன. இதைப் பிரித்தறியாமல் குழம்பும் மாணவர்கள் பலர்.

ஸ்பைக் என்பது பெர்க்லியில் தோன்றிய ஒப்புருவாக்கி. ஒரு கட்டளை நிறைவேறினால் என்ன விளைவு ஏற்பட வேண்டும் என்பதை மட்டும் அது காட்டும். எத்தனை துடிப்பில் நிறைவேறும் என்று கவலைப்படாது. கியூஎமுவும் ஏறக்குறைய இதே வகை, ஆனால் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. வெரிலேட்டர் வேறு வகை. அது செயலியின் வடிவமைப்பையே எடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு கம்பியிலும் நடப்பதைக் கணக்கிடும். சக்தி செயலிகள் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதப்படுகின்றன. அதிலிருந்து கிடைக்கும் வெரிலாக் வடிவத்தை வெரிலேட்டரில் ஓட்டலாம்.

இரண்டுக்கும் இடையே கால அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. 50 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பலகை ஒரு வினாடியில் 5 கோடித் துடிப்புகளை முடித்துவிடும். வினாடிக்கு 5,000 துடிப்பு கணக்கிடும் ஒப்புருவாக்கிக்கு அதே வேலை 10,000 வினாடி பிடிக்கும். அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். பலகையில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் ஒரு சோதனையை ஒப்புருவாக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வரலாம்.

இவ்விரண்டுக்கும் உண்மைச் சில்லுக்கும் நடுவில் எஃப்.பி.ஜி.ஏ. பலகை நிற்கிறது. இதில் உள்ள சில்லை விரும்பிய சுற்றாக மாற்றி அமைத்துக்கொள்ளலாம். ஆர்ட்டி ஏ7 என்ற பலகைக்கு ஏற்பச் சக்தி குழுவினர் பினாகா, பரசு, வஜ்ரா என்ற அமைப்புகளை வெளியிட்டுள்ளனர். முதல் இரண்டும் 32 பிட் செயலி கொண்டவை, வஜ்ரா 64 பிட். கல்லூரி ஆய்வகங்களில் மாணவர் தொட்டுப் பார்க்கக்கூடிய சக்தி செயலி பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும்.

சோதனைத் தொகுப்பை ஓட்டுதல்

ரிஸ்க்-ஃபைவ் சோதனைகளின் திறந்த மூலக் களஞ்சியத்தில், வழுநீக்கத்துக்கென்று ஒரு தனி அடைவு உள்ளது. அதன் மையம் ஜிடிபிசர்வர் என்ற பைத்தான் நிரல். ஜிடிபியுடன் வரும் வேறொரு கருவிக்கும் இதே பெயர்; இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தடுமாற வேண்டாம். இந்த நிரல் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிறு நிரலைத் தொகுத்து, ஒப்புருவாக்கி தேவையென்றால் அதைத் தொடங்கி, ஓப்பன்ஓசிடியைத் தொடங்கி, ஜிடிபியைத் தொடங்கி, மனிதர் தட்டச்சு செய்வதைப் போலவே ஜிடிபிக்குக் கட்டளைகளைக் கொடுத்து, வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும்.

எந்த இலக்கில் ஓட்டுவது என்பதை ஒரு சிறு கோப்பு சொல்கிறது. செயலி 32 பிட்டா 64 பிட்டா, நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு பெரியது, வன்பொருள் நிறுத்தப்புள்ளிகள் எத்தனை, விடைக்கு எத்தனை வினாடி காத்திருக்கலாம் என்பன அதில் இருக்கும். புதிய பலகைக்குச் சோதனை ஓட்ட விரும்புபவர் முதலில் எழுத வேண்டியது இந்தக் கோப்பைத்தான். அதை அவசரமாக எழுதி, பிறகு நாள்கணக்கில் செயலியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது மிகவும் வழக்கமான கதை.

சோதனைகள் எளியதிலிருந்து கடினமானது வரை பல. நினைவகத்தில் 8, 16, 32, 64 பிட் அளவுகளில் எழுதிப் படிக்கும் சோதனைகள் உண்டு. ஒவ்வொரு கட்டளையாக அடியெடுத்து வைக்கும் சோதனை, நிறுத்தப்புள்ளிச் சோதனைகள், இருப்பதைவிட அதிக வன்பொருள் நிறுத்தப்புள்ளிகளைக் கேட்டால் முறையாக மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனை, பெரிய நிரலை இறக்கி ஓட்டும் சோதனை, குறுக்கீடுகளின் நடுவே நிறுத்தும் சோதனை, பல உட்கருக்கள் உள்ள செயலிக்கான சோதனைகள் என்று பட்டியல் நீளும். சோதனையின் பெயரில் ஒரு பகுதியைக் கொடுத்தாலே அந்தச் சோதனையை மட்டும் தனியே ஓட்டலாம். தொடங்குபவர் முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக ஓட்டாமல், ஒரு பதிவகச் சோதனையை மட்டும் ஸ்பைக்கில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

முடிவுகளில் தேர்ச்சி, தோல்வி என்பவற்றோடு, பொருந்தாது, விதிவிலக்கு என்று மேலும் இரண்டு உண்டு. பொருந்தாது என்றால் அந்த இலக்கில் அந்த வசதியே இல்லை என்று பொருள், அது குறையன்று. தோல்விக்கும் விதிவிலக்குக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. விடை வந்து, அது தவறாக இருந்தால் தோல்வி. விதிவிலக்கு என்பது பெரும்பாலும் விடையே வராமல் சோதனை நடுவழியில் நின்றுபோனதைக் குறிக்கும். தேர்வில் தப்பாக எழுதிய மாணவரையும் தேர்வுக்கே வராத மாணவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது அல்லவா?

ஒவ்வொரு சோதனைக்கும் பதிவுக்கோப்பு ஒன்று தனியே எழுதப்படும். ஜிடிபி கேட்டது என்ன, ஓப்பன்ஓசிடி செய்தது என்ன, ஒப்புருவாக்கி சொன்னது என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நீளத்தைப் பார்த்து மிரண்டு பலர் கடைசி வரியை மட்டும் படிப்பர். கடைசி வரி இறப்புச் சான்றிதழைப் போன்றது. நோய் அதற்குப் பல பக்கங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மேலிருந்து படித்து, எதிர்பார்ப்புக்கு மாறான முதல் வரியைக் கண்டுபிடிப்பதே முறை.

பிழையின் தோற்றம் சொல்லும் செய்தி

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஜக்கார்டு அட்டையின் துளைகள், எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. அட்டையில் ஒரு துளை தவறினால், துணியில் அந்தப் பிழை பூ வரும் இடந்தோறும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். பாவு இழை ஒன்று அறுந்தால் நீளவாட்டில் கோடு விழும். ஊடையில் குறை என்றால் குறுக்கே தெரியும். அனுபவமுள்ள நெசவாளர் துணியைப் பார்த்தே, தறியின் எந்தப் பகுதிக்குப் போய்க் கைவைப்பது என்று சொல்லிவிடுவார். வழுநீக்கிச் சோதனையிலும் இதே பார்வைதான் வேண்டும்.

ஒரு நினைவகச் சோதனையை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த நான்கு இடங்களில் 11, 22, 33, 44 என்று எழுதி, திரும்பப் படிக்கிறோம். பலகையில் வந்த விடை 0, 11, 22, 33. நினைவகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் கெட்ட நினைவகம் இவ்வளவு ஒழுங்காகத் தவறாது. எண்கள் எல்லாம் சரி. ஒரு இடம் தள்ளி வருகின்றன. முந்தைய கேள்வியின் விடை அடுத்த கேள்விக்கு வருகிறது. அதாவது மறுதபால் வருமுன்னே பழைய கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம். குறை நினைவகத்தில் இல்லை. ஜேடேக்குக்கும் வழுநீக்கிப் பகுதிக்கும் இடையில் உள்ள கடத்தும் பகுதியில், வேலை முடியவில்லை என்ற குறியை உயர்த்தத் தவறியதில் இருக்கக்கூடும்.

இந்த ஊகத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் பின் சில வெற்றுத் துடிப்புகளைச் சேர்த்துப் பார்க்கலாம். அல்லது ஜேடேக்கின் கடிகாரத்தை மெதுவாக்கலாம். விடை நேராகிவிட்டால் ஊகம் வலுப்படும். ஆனால் வேகத்தைக் குறைத்ததும் சோதனை தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிடுவது தவறு. காரணம் தெரிந்தது, குறை இன்னும் அங்கேயே இருக்கிறது.

இதே சோதனை ஸ்பைக்கில் தேறியிருக்கும். ஏனெனில் ஸ்பைக் இயல்பாக எந்தக் கேள்விக்கும் உடனே விடை தந்துவிடும். காத்திருக்க வேண்டிய தேவையே எழாது. இதை உணர்ந்துதான் அதில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். டிஎம்ஐ-ஆர்டிஐ என்ற தேர்வைக் கொடுத்தால், குறிப்பிட்ட எண்ணிக்கை வெற்றுத் துடிப்புகள் கழிந்த பிறகே ஸ்பைக் விடை தரும். வேண்டுமென்றே சோம்பேறியாக நடிக்கும் செயலி! விடைக்காகக் காத்திருக்க ஓப்பன்ஓசிடிக்குத் தெரியுமா என்பதை இதனால் பலகை இல்லாமலே அறியலாம். இதேபோல் கடவுச் சரிபார்ப்பு கேட்கும் செயலியாகவும், சில வசதிகள் இல்லாத செயலியாகவும் அதை நடிக்க வைக்கலாம். ஒரே மென்பொருள் பத்துப் பலகைகளின் வேலையைச் செய்கிறது.

ஒப்புருவாக்கியில் மட்டும் தோற்பவை

இவற்றில் பெரும்பான்மை நேரம் சார்ந்தவை. ஸ்பைக்கோடு ஓப்பன்ஓசிடி பேசும்போது உண்மைக் கம்பி கிடையாது. கம்பியின் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஓர் எழுத்தாக வலையிணைப்பு வழியே போகிறது. முகவரிக்கு 7 பிட் கொண்ட வடிவமைப்பில் ஒரு கேள்வி என்பது 7, 32, 2 சேர்ந்து 41 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் கடிகாரத்தை இறக்க ஒன்று, ஏற்ற ஒன்று, விடையைப் படிக்க ஒன்று என்று மூன்று எழுத்து வைத்தாலும், ஒரே கேள்விக்கு 120க்கு மேல் எழுத்துகள் தேவை. ஒரு பதிவகத்தைப் படிக்கப் பல கேள்விகள் வேண்டும். பழைய மடிக்கணினியில், பின்னணியில் வேறு வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தால், ஜிடிபி பொறுமை இழந்து காலம் கடந்தது என்று அறிவித்துவிடும்.

இத்தகைய விதிவிலக்கைக் கண்டால் முதலில் இலக்குக் கோப்பில் உள்ள காத்திருப்பு நேரத்தைப் பத்து மடங்காக்கி மீண்டும் ஓட்ட வேண்டும். அப்போது தேறினால், அது வேகக் குறை. பத்து மடங்கு காத்திருந்தும் அதே இடத்தில் நின்றால், அது உண்மையான முடக்கம்.

பலகையில் மட்டும் தோற்பவை

இங்கேதான் செய்திகள் அதிகம்.

ஓப்பன்ஓசிடி பலகையோடு இணைந்ததும் முதலில் கேட்பது அடையாள எண். 32 பிட் கொண்ட இந்த எண்ணின் கடைசி பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்பது தரத்தின் விதி. ஆகவே 32 பிட்டும் 0 என்று வந்தாலும், எல்லாம் 1 என்று வந்தாலும் அது அடையாள எண்ணே அன்று. பலகைக்கு மின்சாரம் உண்டா, நிலக்கம்பி இணைந்துள்ளதா, தரவு உள்ளே போகும் கம்பியும் வெளியே வரும் கம்பியும் இடம் மாறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இந்த நிலையில் செயலியின் வடிவமைப்பைப் பற்றி யோசிப்பது வீண்.

ஆர்ட்டி பலகையில் இன்னொரு வகைக் குழப்பம் உண்டு. அடையாள எண் ஒழுங்காக வரும். ஆனால் அது செயலியின் எண் அன்று, எஃப்.பி.ஜி.ஏ. சில்லின் எண். பலகையின் யூஎஸ்பி கம்பி நேராகச் சென்று சேர்வது சில்லின் சொந்த ஜேடேக் பொறியை. அதன் ஆணைப் பதிவகம் 6 பிட். ரிஸ்க்-ஃபைவ் கடத்தும் பகுதியில் வழக்கமாக 5 பிட். உள்ளே அமைத்த செயலியை அடைய, பலகையின் ஓரத்துச் செருகியில் தனி இணைப்பி ஒன்றைப் பொருத்த வேண்டும். அல்லது சில்லின் ஜேடேக்குக்குள்ளேயே சுரங்கம்போல் வழி அமைத்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு, உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

மென்பொருள் நிறுத்தப்புள்ளி என்பது நிறுத்த வேண்டிய இடத்தில் உள்ள கட்டளையை எடுத்து வைத்துவிட்டு, அங்கே நிறுத்தக் கட்டளையை எழுதுவது. இது தவறுவதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். அந்த இடம் எழுத முடியாத நினைவகமாக இருக்கலாம். அப்போது வன்பொருள் நிறுத்தப்புள்ளிதான் கதி. எழுதியது நினைவகத்துக்குப் போயும், செயலி தன் கட்டளை இடைமாற்றகத்தில் உள்ள பழைய கட்டளையையே நிறைவேற்றலாம்; அதைப் புதுப்பிக்கும் ஆணையை வழுநீக்கி தர வேண்டும். மூன்றாவது, ரிஸ்க்-ஃபைவில் 4 பைட் கட்டளைகளோடு 2 பைட் சுருக்கக் கட்டளைகளும் உண்டு. 2 பைட் கட்டளையின் இடத்தில் 4 பைட் நிறுத்தக் கட்டளையை எழுதினால், பக்கத்துக் கட்டளை சிதைந்துவிடும். நிரல் நின்று, பின் தொடர்ந்து, சிறிது தூரம் போய் எங்கோ விழும். விழுந்த இடத்தைத் தோண்டுவோருக்கு ஒன்றும் கிடைக்காது.

கடிகாரங்கள் மற்றொரு தொல்லை. செயலியை நிறுத்தினாலும், பலகையில் உள்ள நேரங்காட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். மாணவர் திரையைப் பார்த்து யோசிக்கும் அரை நிமிடத்தில் நேரக் குறுக்கீடு வந்து காத்திருக்கும். அடுத்து ஓர் அடி எடுத்து வைத்தால், எதிர்பார்த்த வரிக்குப் போகாமல் குறுக்கீட்டைக் கையாளும் நிரலுக்குள் செயலி தாவும். அடியெடுக்கும்போது குறுக்கீட்டை அடக்கி வைக்கவும், நின்றிருக்கும்போது நேரத்தை நிறுத்தி வைக்கவும் வரையறையில் தனித்தனி பிட்டுகள் உண்டு. ஆனால் எல்லா வடிவமைப்புகளும் அவற்றை நிறைவேற்றுவதில்லை. காவல் நேரங்காட்டி இருக்கும் பலகையில் இன்னும் மோசம்: நின்ற செயலியைச் செத்ததாக எண்ணி, அது பலகையையே மீண்டும் தொடங்கிவிடும்.

பிறகு, வெறுமை பற்றிய ஒரு சிறு பொய். ஒப்புருவாக்கியில் நினைவகம் தொடக்கத்தில் பெரும்பாலும் சுழியமாக இருக்கும். உண்மை நினைவகத்தில் மின்சாரம் கொடுத்ததும் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்க மறந்த நிரல், ஒப்புருவாக்கியில் நூறு முறை தேறி, பலகையில் முதல் முறையே தோற்பது இதனால்தான். இங்கே குறை செயலியிலும் இல்லை, வழுநீக்கியிலும் இல்லை. சோதனை நிரலில் உள்ளது.

சில வேளை தேறிச் சில வேளை தோற்கும் சோதனை எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது. அதை மீண்டும் ஓட்டி, தேறியதும் நிம்மதி அடைவது மனித இயல்பு. செய்ய வேண்டியது அதன் மறுதலை. ஐம்பது முறை ஓட்டி, எத்தனை முறை தோற்றது, ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் தோற்றதா என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு மாற்றம்: கம்பியைக் குட்டையாக்குவது, கடிகாரத்தைக் குறைப்பது, யூஎஸ்பி இணைப்பை மாற்றுவது, இவற்றில் ஒன்று மட்டும். மீண்டும் ஐம்பது முறை. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தவர், எது பலன் தந்தது என்று அறியாமலே வீடு திரும்புவார்.

பலகை இல்லாதவர் தொடங்க

லினக்ஸ் இயங்கும் ஒரு சாதாரணக் கணினி இருந்தால் போதும். ரிஸ்க்-ஃபைவ் தொகுப்பி, ஜிடிபி, ஓப்பன்ஓசிடி, ஸ்பைக், சோதனைத் தொகுப்பு ஆகிய அனைத்தும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. சக்தி செயலிகளின் வடிவமைப்பும் அவ்வாறே. முதலில் ஸ்பைக்கில் 64 பிட் இலக்கை வைத்து ஒரு சோதனையைத் தேறச் செய்யலாம். பிறகு வேண்டுமென்றே இலக்குக் கோப்பில் நினைவகத்தின் தொடக்க முகவரியைத் தவறாக எழுதி, அதே சோதனையைத் தோற்கச் செய்து, பதிவுக்கோப்பில் அந்தத் தவறு எந்த வரியில் முதலில் தலைகாட்டுகிறது என்று தேடலாம். அடுத்து காத்திருப்பு நேரத்தை ஒரு வினாடியாக்கலாம். பின்னர் வன்பொருள் நிறுத்தப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லலாம். தானே செய்த பிழை பதிவுக்கோப்பில் எந்த முகத்தோடு வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனால், சில நாளில் இருபது முப்பது முகங்கள் சேர்ந்துவிடும். ஆர்ட்டி பலகை கைக்கு வரும் நாளில் முதலில் புரட்ட வேண்டிய குறிப்பேடு அது.